மேண்டில் உடையாத கச்சேரி

காலையில் கடையைத் திறந்து, துடைப்பதற்காக முதல் கியாஸ் லைட்டைக் கையில் எடுத்திருப்பேன். வாசலில் ஐந்து பேர் வந்து நின்றார்கள். ஐந்து பேரும் செருப்பைக் கழற்றவில்லை. செருப்போடு நிற்கிறவன் பேச வந்தவன் இல்லை, சண்டைக்கு வந்தவன் என்பது ராஜபாளையம் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

முன்னால் நின்றவர் சிங்கராஜா. பருத்தித் தரகர். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவுக்கு வந்தால் எங்கள் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"ஏமய்யா லைட்டுக்காரரே, என்னய்யா லைட்டு கட்டினீரு முந்தாநாளு?" என்றார்.

"ஏன் ராஜா, எரியலையா?"

"எரிஞ்சது."

"நடுவுல அணைஞ்சுச்சா?"

"அணையல. அதான்யா பிராது! கடைசி வரைக்கும் எரிஞ்சது!"

கையில் இருந்த லைட்டைக் கீழே வைத்துவிட்டேன். லைட்டு அணைந்தது, புகைந்தது, மாப்பிள்ளை தலையில் மண்ணெண்ணெய் சொட்டியது என்றெல்லாம் பிராது கேட்டிருக்கிறேன். லைட்டு ஒழுங்காக எரிந்தது என்று பிராது கொண்டுவந்தவர்கள், என் தொழிலில் அந்த ஐந்து பேர்தான்.

"மேண்டில் ஒடையவே இல்லயே அண்ணாச்சி! கெட்டி மேண்டிலா பாத்துப் போட்டுட்டீரோ?" என்றான் பின்னால் நின்ற ஒருத்தன். அழுகிற குரல்.

இவர்களை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்வான், சொல்லுங்கள்.

என்னைப் பற்றி நாலு வரி

'பெருமையைக் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள் ஐயா, வருஷத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள் ஐயா' என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் தம்பி கடிதம் போட்டிருக்கிறார். இரண்டும் முடியாது. வருஷம் எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் திண்டில் அடித்து உடைத்துவிட்டு வந்தவன். கண்மாய் உடைந்த வருஷம், முதல் மில்லில் சங்கு ஊதிய வருஷம் என்றுதான் எனக்கு நினைவு நிற்கும். இந்தக் கதை அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது.

பெருமையைக் குறைக்க முடியாததற்குக் காரணம், அது உண்மை என்பதுதான். செட்டியார்பட்டியில் கல்யாண ஊர்வலத்துக்குத் தலையில் சும்மாடு வைத்து இன்னொருத்தன் லைட்டைச் சுமந்தவன் நான். தலைமுடி கருகி, கழுத்து கோணி, இரண்டு காதிலும் கியாஸ் லைட்டின் 'உஸ்ஸ்' சத்தம் நிரந்தரமாகக் குடியேறி, அப்படித்தான் ஒரு லைட்டை வாங்கினேன். ஒன்று நாலாகி, நாலு நாற்பது ஆனது. தென்காசியிலிருந்து விருதுநகர் வரை மாடசாமி லைட்டு இல்லாமல் எந்தப் பந்தலுக்கும் வெளிச்சம் கிடையாது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யாரும் கைகொடுக்கவும் இல்லை.

இன்றைக்குச் சுவரில் விசையைத் தட்டுகிற பிள்ளைகளுக்கு மேண்டில் என்றால் தெரியாது. அது ஒரு சின்ன வலைப்பை. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். லைட்டுக்குள் கட்டி முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்து சாம்பல் வலையாக நின்றுவிடும். அந்தச் சாம்பல்தான் சூரியன் மாதிரி வெளிச்சம் தரும். தும்மினால் உதிரும். ஒரு பூச்சி மோதினால் உதிரும். நாலு நாள் எரிந்த பழைய மேண்டில் என்றால், பார்த்தாலே உதிரும்.

பாட்டுக்காரன் சுப்பையாவின் புகழ் முழுவதும் அந்தச் சாம்பல் மேல் கட்டியது.

ஈசல் செய்த வேலை

மம்சாபுரம் சுப்பையாவை வயதானவர்களுக்கு நினைவிருக்கும். நாடகத்தில் ராஜபார்ட் போட்டவன். பிறகு தனியாக உட்கார்ந்து ஆர்மோனியம், மிருதங்கத்தோடு கச்சேரி செய்தான். ஐந்தரைக் கட்டை சுருதி. ஒலிபெருக்கி இல்லாத காலம். அவன் பொட்டலில் பாடினால் கண்மாய்க் கரையில் மாடு திரும்பிப் பார்க்கும்.

ஒரு நாள் ராஜபாளையத்தில் கோயில் கொடைத் திருவிழாவில் பாடிக்கொண்டிருந்தான். மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. சுப்பையா உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றான். மூச்சு விடாமல் நின்றான். கூட்டமும் அவனோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

படீர்.

நடு லைட்டில் மேண்டில் உதிர்ந்து, நெருப்பு ஒரு பக்கமாகச் சீறி, கண்ணாடி விரிசல் விட்டது.

"கொரலு ஒடைச்சிட்டுடோய்!" என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான். துண்டு பறந்தது, தலைப்பாகை பறந்தது, பெண்கள் பக்கம் குலவை எழும்பியது.

உடைத்தது ஈசல். மழைக்குப் பிறகு வந்த ஈசல் ஒன்று கண்ணாடியின் மேல்வாய் வழியாக உள்ளே போய்விட்டது. லைட்டை இறக்கிப் பார்த்தபோது அதன் இறக்கை கீழ்த்தட்டில் கருகிக் கிடந்தது. அந்த இறக்கையைப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான். ஊதித் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் மூடினேன்? நல்ல கேள்வி. மறுநாளே, 'சுப்பையா பாட்டு, மாடசாமி லைட்டு' என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேறு எவன் லைட்டையும் கட்ட ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். நான் எதற்காக ஈசலுக்கு வக்கீலாகப் போகவேண்டும்?

கயிறு என் கையில்

அடுத்த கச்சேரியில் கூட்டம் இரண்டு மடங்கு. ஆனால் ஒருத்தனும் சுப்பையாவைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கழுத்தும் மேலே. நடு லைட்டை முழுங்கிவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் உச்சத்துக்குப் போகிறான், இறங்குகிறான், மறுபடி போகிறான். மேண்டில் அது பாட்டுக்கு எரிகிறது. கழுத்து நரம்பு புடைத்து, கண் சிவந்து, பையன் செத்துப்போவான் போலிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. காற்றடிப்பதற்கு இறக்கி ஏற்ற வசதியாக, லைட்டைக் கப்பி வழியாகக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றைத் தூணில் கட்டியிருப்போம். அந்தக் கயிறு எப்போதும் என் கைக்குப் பக்கத்தில்தான். விரலால் ஒரு சுண்டு. படீர்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் நடு லைட்டுக்குப் பழைய மேண்டில், சரியான நேரத்துக்கு ஒரு சுண்டு. இதில் என் கைத்திறமையையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாத்திரை முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது. ராகம், தாளம் எதுவும் எனக்குத் தெரியாது. அவன் காது மடல் எப்போது சிவக்கும் என்று பார்த்துச் சுண்டுவேன். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

ஒரு வருஷம் வரை சுப்பையாவே நம்பினான்! பிறகு கான்சாபுரத்தில் ஒரு கச்சேரியின்போது தற்செயலாகத் திரும்பி என் விரலைப் பார்த்துவிட்டான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சரி அண்ணாச்சி, அவியளுக்கு அது வேணும்னா அது நடந்துட்டுப் போகட்டும்" என்றான். நடந்துகொண்டே இருந்தது.

மம்சாபுரத்தில் ஒரு கட்டில்

சுப்பையாவின் பக்கத்து வீட்டுக்காரர் தேவசகாயம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருடைய தகப்பனார் சவரிமுத்து ஐயா படுத்த படுக்கையாகக் கிடந்தார். வாசலில் ஒரு தட்டு விழுந்தால்கூட அவருக்கு உடம்பு துள்ளும். ஆனாலும், 'சுப்பையா பாடிக் கேக்கணும், சுப்பையா பாடிக் கேக்கணும்' என்று ஒரே பிடிவாதம்.

தேவசகாயம் வந்து கூப்பிட்டார். "தம்பி, அய்யாவுக்குச் சத்தம் ஆகாது. காதுக்குப் பக்கத்துல, செத்த நேரம், மெள்ளமா..." என்று இழுத்தார்.

சுப்பையா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கட்டையில் பாடினான். வார்த்தைகூட இல்லை, வெறும் ராகம். பதினைந்து நாள் தினமும் சாயங்காலம் போனான். ஐயா அவன் விரலைப் பிடித்தபடியே கேட்பாராம். பதினாறாம் நாள் கேட்க அவர் இல்லை.

அதிலிருந்து இவன் ஆள் மாறிவிட்டான். கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, இம்புட்டு நாளும் நான் பாடவே இல்ல. கூப்பாடுதான் போட்டிருக்கேன்."

"கூப்பாட்டுக்குத்தானலே கூட்டம் வருது."

"கீழ ஒரு கொரல் இருக்கு அண்ணாச்சி. எனக்கே தெரியாம இருந்திருக்கு. இனிமே அதுலதான் பாடப் போறேன். நீங்க கயித்தத் தொடாதீங்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்று கேட்டேன். பிடித்திருக்கிறது என்று சிரித்தான்.

செட்டியார்பட்டிக் கூச்சல்

அவன் இரண்டு கட்டையில் பாடிய முதல் கச்சேரி செட்டியார்பட்டியில். என் சொந்த ஊர். அந்த மானக்கேட்டை நான் எந்த மூஞ்சியோடு எழுதுவது?

முதல் பாட்டுக்குப் பொறுத்துக்கொண்டார்கள். தொண்டையைச் சூடு பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். இரண்டாவது பாட்டுக்கு, "மேல போ சுப்பையா!" என்று ஒரு குரல். மூன்றாவது பாட்டுக்கு, பந்தல் முழுக்க, "மேல போ! மேல போ!" என்று கைதட்டல். ஏதோ தென்னை மரத்தில் ஏறி நிற்கிறவனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. அவன் சிரித்துக்கொண்டே கீழேயே பாடினான். நான் அவன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கயிற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து நின்றேன். நாலு லைட்டும் கடைசி வரை கல்யாண லைட்டு மாதிரி எரிந்தன.

மறுநாள் ஊர் முழுக்க வைத்தியர்கள். தொண்டையில் கட்டி என்றான் ஒருத்தன். வெற்றிலையில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றான் இன்னொருத்தன். மதுரையில் ஒரு பொம்பளை தொடர்பு என்றான் மூன்றாவது ஆள். வேதத்தில் சேர்ந்துவிட்டான், அங்கே மேல் சுருதி கூடாதாம் என்றான் நாலாவது புத்திசாலி. தேவசகாயம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற பாட்டை அவன் கேட்டிருந்தால் அந்தப் பேச்சு பேசியிருக்க மாட்டான், கூரை ஓடு பறக்கும்.

ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'அவனுக்கு அப்படிப் பாடப் பிடித்திருக்கிறதோ என்னவோ' என்று சொல்லவேண்டுமே! நினைக்கக்கூட இல்லை.

அடுத்த நாள் காலையில்தான் அந்த ஐந்து பேரும் செருப்போடு என் கடைக்கு வந்து நின்றார்கள்.

"நாங்க வளத்த கொரல்"

"ராஜா, மேண்டில் ஒடையலைன்னா எங்கிட்ட ஏன் வாரீங்க? பாடுனவன்கிட்டப் போங்க" என்றேன்.

"அவன்கிட்டப் போனோம். நல்லா இருந்துச்சான்னு எங்களையே திருப்பிக் கேக்கான்!" சிங்கராஜாவின் மீசை துடித்தது. "நாங்க வளத்த கொரல்யா அது. பத்து வருஷமா வண்டி கட்டிட்டு ஊர் ஊராப் பின்னால போயிருக்கோம். எங்களக் கேக்காம எப்படிய்யா மாத்துவான்?"

"வளத்தீங்களா? அது என்ன கறவை மாடா?"

"கிண்டல் வேண்டாம். வார வெள்ளிக்கிழமை வில்லிபுத்தூர்ல கச்சேரி. அந்த ஊர்க்காரங்க ஏற்கெனவே சிரிக்காங்க. 'ஒங்க ஆளு மேண்டிலு போச்சாமே'ன்னு சந்தையில வச்சுக் கேக்கான் ஒருத்தன். எங்க மானம் போகுது. நீர் நல்ல லேசான மேண்டிலாப் பாத்துக் கட்டும்."

பாருங்கள் நியாயத்தை. பாடுகிறவன் தொண்டை, கேட்கிறவன் காது, இரண்டுக்கும் நடுவில் மானம் யாருக்குப் போகிறது? பருத்தித் தரகருக்கு.

"பாப்போம்" என்று அனுப்பிவைத்தேன். அவர்கள் போன பிறகு கடையில் உட்கார்ந்து யோசித்தேன். அலமாரியில் பழைய மேண்டில் போட்ட லைட்டு ஒன்று இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

வில்லிபுத்தூர்

தேரடிக்குப் பக்கத்தில் பந்தல். பொழுது சாய்வதற்கு முன்னால் நான் லைட்டு கட்டிக்கொண்டிருந்தேன். சுப்பையா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாள் பாப்பேன். இந்தக் கூட்டம் கேட்டுச்சுன்னா இருப்பேன். செட்டியார்பட்டி மாதிரி கத்துச்சுன்னா விட்டுருவேன்."

"விட்டுட்டு?"

"ஆர்மோனியத்த தேவசகாயம் அண்ணன் கோயிலுக்குக் குடுத்துருவேன். கெணத்தடியில மொளகாச் செடி வச்சுப் பொழைச்சுக்கிடுவேன். மொளகாச் செடி 'மேல போ'ன்னு சொல்லாது."

விளையாட்டாகச் சொல்லவில்லை. 

"கயித்தத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

எனக்குத் தொழில்தான் சாமி. லைட்டின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். கை வைத்தது அந்தப் பழைய மேண்டில் லைட்டின் மேல் என்பது அவனுக்குத் தெரியாது.

விளக்கு வைத்த பிறகு கூட்டம் சேர்ந்தது. வில்லிபுத்தூர்க்காரர்கள் முன்னால். அவர்களுக்கு எப்போதுமே ஒரு நினைப்பு, பாட்டு என்றால் தங்களுக்குத்தான் தெரியும் என்று. அவர்களும் லைட்டைத்தான் பார்த்தார்கள், தலையைத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டே பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ராஜபாளையத்திலிருந்து ஏழு மாட்டு வண்டி வந்தது. சிங்கராஜா நடுவில் உட்கார்ந்தார். தேவசகாயம் அவருக்குப் பக்கத்தில்.

முதல் பாட்டு. முணுமுணுப்பு. இரண்டாவது பாட்டு. "மேல போ" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். யாரோ அவனை அடக்கினார்கள். மூன்றாவதாக சுப்பையா எதையோ எடுத்தான். மெதுவாக, இறங்கி, இறங்கி, தரையோடு தரையாகப் பாடினான். பாட்டில் வார்த்தையே இல்லை.

சத்தம் நின்றுவிட்டது.

நான் பந்தலிலேயே வளர்ந்தவன். இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை. இருமல் இல்லை. வெற்றிலைப் பெட்டி மூடுகிற சத்தம் இல்லை. கைக்குழந்தை அழவில்லை. என் லைட்டுகளின் 'உஸ்ஸ்' மட்டும்தான் கேட்டது. நிமிர்ந்த கழுத்து ஒன்றுகூட இல்லை, எல்லாத் தலையும் குனிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் சுப்பையா கச்சேரியில் லைட்டை ஒருத்தன்கூடப் பார்க்காதது அன்றைக்குத்தான்.

சத்தத்திலேயே பிழைத்தவன் நான். சத்தம் போடாத கூட்டம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்: செத்துப்போன கூட்டம். செட்டியார்பட்டியிலாவது கத்தினார்கள், இங்கே கத்துவதற்குக்கூட மனசில்லாமல் வெறுத்துப்போனார்கள் என்று நினைத்தேன். இதோ எழுந்திருக்கப் போகிறார்கள். இதோ துண்டை உதறப் போகிறார்கள். பையன் மிளகாய்ச் செடிக்குப் போய்விடுவான்.

நான் இருக்கும்போது அவனை அப்படி விட்டுவிடுவேனா? மாடசாமி எதற்கு இருக்கிறான்?

சுண்டினேன்.

படீர்.

கூட்டம் தூக்கத்தில் அடிபட்டதுபோலத் துள்ளியது. ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு நெருப்பு சீறுவதைப் பார்த்தார்கள். "ஒடைச்சிட்டான்யா! கீழ் சுருதியிலயே ஒடைச்சிட்டான்!" என்று சிங்கராஜா எழுந்து நின்று துண்டை வீசினார். பந்தல் கிழிகிற சத்தம். "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

சுப்பையா பாதியில் நிறுத்தியிருந்தான். லைட்டைப் பார்த்தான். லைட்டிலிருந்து கயிற்றைப் பார்த்தான். அவன் பார்வை கயிற்றோடு இறங்கித் தூணுக்கு வந்து, என் விரலில் வந்து நின்றது. பிறகு ஆர்மோனியக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னான். மங்களம் பாடி எழுந்துவிட்டான். மீதியிருந்த பாட்டை அவன் எடுக்கவே இல்லை.

"நேத்து நான் என்ன பாடுனேன்?"

மறுநாள் காலையில் மம்சாபுரம் போனேன். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், மறைக்க மாட்டேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம்கூட வாங்கிப்போனேன்.

கிணற்றடியில் தேவசகாயத்தோடு உட்கார்ந்திருந்தான். பழத்தைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நேத்து மூணாவதா நான் என்ன பாடுனேன்?"

"எனக்கு ராகம் எல்லாம் தெரியுமாலே?"

"பேரு வேண்டாம். எப்படி இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். நடு லைட்டில் காற்று குறைந்திருந்தது தெரியும். இடது பக்க லைட்டு லேசாகப் புகைந்தது தெரியும். தலைகள் குனிந்தது தெரியும். பாட்டு? ஒன்றும் இல்லை. பத்து வருஷமாக அவனுடைய ஒவ்வொரு கச்சேரியிலும் முதல் ஆளாக நின்றவன் நான்.

"கூட்டம் செத்துக் கெடந்துச்சு. ஒன்னக் காப்பாத்தத்தான்..." என்றேன்.

தேவசகாயம் குறுக்கிட்டார். "செத்துக் கெடக்கல அண்ணாச்சி. கேட்டுக்கிட்டிருந்துச்சு. எங்க அய்யா கட்டில்ல கெடந்து கேட்டது அந்தப் பாட்டுத்தான். சிங்கராஜா எனக்குப் பக்கத்துலதான இருந்தாரு. கண்ண மூடியிருந்தாரு. மீசையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு அந்த ஆளு எந்திரிச்சு அந்தக் கத்து கத்துனாரு?"

"மேண்டில் ஒடைஞ்சா கத்தணும்னு நீங்கதான பழக்கி வச்சிருக்கீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதுதான் கெட்டது. "அப்போ மொளகாச் செடியே வச்சுக்கோ!" என்று கத்திவிட்டு எழுந்தேன்.

"இல்ல அண்ணாச்சி. அவிய கேட்டுட்டாங்க. அது போதும், நான் பாடுவேன்" என்றான் சுப்பையா. "ஆனா இனிமே வெயில்லதான் பாடுவேன்."

வெயில் கச்சேரி

சொன்னபடியே செய்தான். 'கீழ் சுருதியில் மேண்டில் உடைக்கும் சுப்பையா' என்று நோட்டீஸ் அச்சடித்துக்கொண்டு நாலு ஊர்க்காரர்கள் வந்தார்கள். அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினான். பொழுது இறங்குவதற்குள் முடிகிற கச்சேரி என்றால் வருவேன், இல்லையென்றால் கிடையாது என்றான். வேலை வெட்டி உள்ள எவன் பகலில் வந்து பாட்டுக் கேட்பான்? முதலில் முப்பது பேர் வந்தார்கள். பிறகு ஐம்பது. செட்டியார்பட்டியில் கைதட்டிக் கத்தினவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு வரைக்கும், 'அந்த நல்ல தொண்டை போச்சே' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களோடு வாதாடி வாதாடி என் தொண்டைதான் போயிற்று.

அவன் கச்சேரிக்கு லைட்டு தேவையில்லை. லைட்டு தேவையில்லாத இடத்தில் எனக்கென்ன வேலை? ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கான்சாபுரத்தில் அறுப்பு முடிந்து ஒரு சாயங்காலம், வெயில் நன்றாக இருக்கும்போதே, அவன் பாடுகிறான் என்று கேள்விப்பட்டேன். வாடகைப் பாக்கி வசூலிக்க அந்த ஊருக்குப் போகவேண்டியிருந்தது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். பாக்கி எதுவும் கிடையாது.

களத்தில் ஓலைப் பந்தல். பின்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்கவில்லை. பந்தலில் தூண் இருந்தது, கயிறு இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சுப்பையா என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு அந்த மூன்றாவது பாட்டை முதலிலேயே எடுத்தான்.

என் கழுத்து தானாக மேலே போனது. பழக்கம். மேலே ஓலை. ஓலை இடுக்கில் வெயில். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விலாவில் ஒரு முழங்கை இடித்தது. திரும்பினேன். சிங்கராஜா. கண் சிவந்திருந்தது. மீசையைத் துண்டால் துடைத்துவிட்டு, பல்லைக் கடித்தபடி, மெதுவாக என்னைத் திட்டினார்.

"ஓய் லைட்டுக்காரரே, மேல என்னத்தய்யா பாக்கீரு? பாட்டக் கேளும்."